தென் மண்டல பேக்கிங் அதிகாரி

முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். மீட்டரில் இருந்த எண்ணை ஒரு முறைகூட மாற்றி எழுதியதில்லை. மற்ற விஷயங்களில் அவ்வளவு கண்டிப்பு வைத்துக்கொள்ளவில்லை. மந்தைவெளியில் ஆளில்லாத வீட்டில் குரங்கு ஒன்று வந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்ததையும், இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் துரைசாமி சப்வேயிலிருந்து சைதாப்பேட்டை வரை காலி கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து மிதந்து போய், திரும்பும்போது ஆட்டோவில் வந்ததையும் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார் என்று சொல்லும் இடத்தில்தான் சிலர் சந்தேகப்படுவார்கள்.

இப்போது சொல்லப்போவது நிஜமாகவே நடந்தது. சங்கடமே அதில்தான்.

போன ஆடி மாதம் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே பென்சில் பேக் செய்யும் வேலை. பத்துப் பத்தாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் மாதம் முப்பதாயிரம். நிரஞ்சன் என்று ஒருவர் போனில் பேசினார். எனக்கு எழுபத்திரண்டு வயது என்றதும், அனுபவமுள்ளவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் ஐயா என்றார். இப்படி ஒரு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் பதினான்கு வருஷமாகக் காத்திருந்தேன். பதிவுக் கட்டணம் கட்டினேன். மறுநாளே வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை வந்தது. என் போட்டோ, வட்ட முத்திரை, நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று என்ற எண், கீழே நிரஞ்சன் சாரின் போன் நம்பர். ஜெராக்ஸ் கடை ஷாஹுல் ஹமீது அதை லேமினேட் செய்து, கேட்காமலேயே ஒரு நீல டேக்கும் போட்டுக் கொடுத்தார்.

காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். பிறகு மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்துக்குப் போய், டேக் மாட்டிய கூட்டத்தோடு பத்து நிமிஷம் நின்றேன். பிடிக்க வேண்டிய ரயில் ஒன்றும் இல்லை. நிற்பது நன்றாக இருந்தது.

அட்டைக்குப் பிறகு கூரியர் கட்டணம் என்றார்கள், பென்சிலுக்கு இன்ஷூரன்ஸ் என்றார்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் என்றார்கள். மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம் போன பிறகு நிரஞ்சன் சார் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். என் மனைவி சுந்தரவல்லி, “அந்தக் காசுக்குப் பென்சிலாவே வாங்கியிருந்தா, சாகற வரைக்கும் சீவிக்கிட்டிருக்கலாம்” என்றாள். வெட்கப்பட்டு நாற்பது நாள் கழித்துத்தான் 1930 என்ற சைபர் புகார் எண்ணுக்குச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பணம் போன கையோடு கூப்பிட்டிருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு, இனிமேல் கஷ்டம் என்றாள்.

அன்றைக்கே டேக்கைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாததற்குக் காரணம், தேவானை கேட்டுவிட்டாள்.

தேவானை எங்கள் வீட்டிலும் பக்கத்தில் மூன்று வீடுகளிலும் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்குகிறவள். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய்க் குடிவைத்தபோது அவளும் போனாள். விடிவதற்கு முன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள்.

“இன்னா சார், இந்த வயசுல டேக்கு மாட்டிகினு?” என்றாள்.

பென்சில் கம்பெனியில் தென் மண்டல பேக்கிங் அதிகாரி என்றேன். ஜப்பான்காரர்கள் நம் பென்சிலைத்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், வாரா வாரம் லாரி வருவதாகவும், ஒரே நாளில் பதினோராயிரம் பென்சில் அடுக்கியதில் சுந்தரவல்லிக்கு இடது கை விளங்காமல் போய்விட்டதாகவும் சொன்னேன். அப்போது சுந்தரவல்லி கூடத்தில் இடது கையால் சீரியலின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

என் கதைக்குத் தேவானை எப்போதும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. நான் குளிக்கப் போனபோது, சமையலறைக் காலண்டர் ஆணியில் தொங்கிய அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபத்தாறாம் தேதி சுந்தரவல்லியிடம் வந்து, ஒன்றாம் தேதியிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றாள். மகள் அன்புச்செல்விக்கு அடுத்த மாதம் பிரசவம். மருமகன் வெளியூரில் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் ஆள் வேண்டும், வருமானமும் வேண்டும். நிரஞ்சன் சார் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, மற்றதை ஒன்றாம் தேதிக்கு மேல் கட்டவேண்டுமாம். நாலு வீட்டு வேலையையும் விடுகிறாள்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“தேவானை, அது ஏமாத்து வேலை. எனக்கு ஒரு பென்சில்கூட வரல.”

“அப்போ ஜப்பான்?”

“அது நான் விட்டது.”

அவள் என்னையே பார்த்தாள். “சிலிண்டர் மேல போனேன்னு சொன்ன, நம்புனேன். வெள்ளத்துல இன்னா வேணா நடக்கும். இத போய் நம்ப சொல்றியே சார்.”

மேல்வீட்டு அனந்தராமனை அழைத்துவந்தேன். பாங்க் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்ல வராதவர். தேவானை வேலை செய்யும் வீடுகளில் அவருடையதும் ஒன்று. வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பானே தவிர நம்மிடம் கட்டணம் கேட்கமாட்டான், இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று அரை மணி நேரம் அழகாக எடுத்துச் சொன்னார். தேவானை துடைப்பத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள். அவர் அத்தோடு விட்டிருக்கலாம். மனைவி சொல்லி அனுப்பியிருந்ததால், வேண்டுமானால் ஐந்நூறு ரூபாய் ஏற்றித் தருகிறோம் என்றும் சொல்லித் தொலைத்தார்.

“நான் நின்னுட்டா நாலு வூட்டுக்கும் பாத்திரம் தேய்க்க ஆளு இல்ல. அத்த நேரா சொல்லு சார். அதுக்கு பென்சில் கம்பெனிய ஏன் திட்டிகினு கீற?” என்றாள் தேவானை.

அனந்தராமன் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

எங்கள் பாத்திரம் பிரச்சினையே இல்லை என்று காட்டுவதற்காக மறுநாளிலிருந்து நானே தேய்த்தேன். நீ வரவே வேண்டாம், பணத்தை மட்டும் கட்டாதே என்றேன். சிங்க் முன்னால் கையில் நாரோடு நின்ற என்னைப் பார்த்து தேவானைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. ஒரு மனுஷன் பாத்திரம் தேய்த்தாவது இன்னொருத்தியை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறான் என்றால், அதில் எவ்வளவு வரும்படி இருக்கவேண்டும்.

ஒன்றாம் தேதி அவள் வரவில்லை. மூன்றாம் தேதி போன் செய்தேன். முந்தின நாள் மாலை எல்லாப் பணத்தையும் கட்டிவிட்டதாகச் சொன்னாள். அவளைப் பார்த்து அவள் மாடியிலேயே மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் இன்று ஐந்து மணிக்குக் கட்டுகிறார்கள் என்றாள். தேவானை இன்றைக்கே 1930-க்குச் சொன்னால் அவள் பணத்தையாவது மறிக்கலாம். அந்த மூன்று பேர் இன்னும் கட்டவே இல்லை. இருக்கட்டும் என்று டேக்கை மாட்டிக்கொண்டு பெரும்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

லிஃப்டுக்குக் கூட்டம் நின்றது. ஏழு மாடியும் படியேறினேன். நடைபாதையில் ஒரு கட்டில் கிடந்தது. அதில் அன்புச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். பென்சில் வைக்க உள்ளே இடம் வேண்டுமே என்று கட்டிலை வெளியே போட்டிருந்தார்கள். ஒற்றை அறை காலியாக, கழுவித் துடைத்து, புதுப் பாய் விரித்திருந்தது. மூலையில் ஒரு பை நிறைய ரப்பர் பேண்ட். மூன்று பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் சொன்னனே, சீனியரு. இவரு தான்” என்றாள் தேவானை.

சுவரில் அவளுடைய அட்டை தொங்கியது. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அதிலும் நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே நம்பரை ரெண்டு பேருக்கு எந்தக் கம்பெனியாவது கொடுக்குமா என்று கேட்டேன்.

தேவானை இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். “ஒரே டீம்ல போட்டுகிறாங்க சார்” என்றாள்.

நிரஞ்சனுக்கு என் போனிலிருந்து அடித்து, சத்தமாக வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. சாப்பிடப் போயிருப்பார் என்றாள் ஒரு பெண். மணி நாலே முக்கால். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது. நிரஞ்சன் சார். அதையும் சத்தமாகத்தான் வைத்தாள்.

நான் பாய்ந்து போய், இவன் திருடன், என் பணத்தைத் தின்றவன், கட்டாதீர்கள் என்று கத்தினேன். எதிர்முனையில் அதே இனிமையான குரல்.

“தணிகாசலம் ஐயாவா? அம்மா, அவர் எங்க பழைய ஸ்டாஃப்தான். ஜப்பான், லாரின்னு கம்பெனி பேர்ல இல்லாததெல்லாம் பேசினதால போன மாசம் எடுத்துட்டோம். பாவம், பெரியவர். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

ஜப்பானைப் பற்றி தேவானைதான் அவனிடம் கேட்டிருக்கவேண்டும். என் சரக்கை எடுத்து என் மேலேயே போட்டான். இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகியும், இவ்வளவு சுருக்கமாக எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

பெண்கள் என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“டேக்க குடுத்துடு சார். நீ மாட்டிக்க கூடாது இல்ல” என்றாள் தேவானை, மெதுவாக.

கழற்றினேன். அட்டையின் பின்பக்கம் 1930 என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. என்றைக்காவது திருப்பிப் பார்ப்பாள். எழுத ஏதாவது கொடுங்கள் என்றேன். தேடினார்கள். பென்சிலுக்காகக் காலி செய்த அந்த வீட்டில் ஒரு பென்சில் இல்லை. கடைசியில் அன்புச்செல்விதான் வெளியிலிருந்து கையை நீட்டி, தன் கண்மைப் பென்சிலைக் கொடுத்தாள். நாலு எண்ணையும் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் மூன்று பேரும் பணம் கட்ட போனில் நம்பர் அழுத்துகிற சத்தம் கேட்டது.

தேவானை படி வரைக்கும் கூட வந்தாள். லேமினேஷன் மேல் மை ஈஷியிருந்ததைப் பார்த்துவிட்டு, அட்டை வீணாகிறதே என்று முந்தானையால் பளிச்சென்று துடைத்தாள்.

“மனசுல வச்சிக்காத சார்” என்றாள். “நான் நிரஞ்சன் சார்கிட்ட சொல்லி பாக்குறேன். வயசானவரு, திருப்பி சேத்துக்குங்கன்னு.”