சாட்சி அட்டை

நாங்கள் விற்றது நிலத்தடிப் பதுங்கறை. கார் நிறுத்தும் கொட்டகையின் தரையைத் தோண்டி இறக்கிய இரும்புப் பெட்டி, மேலே நகர்த்தித் திறக்கும் மூடி. உள்ளே ஆறு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்காரலாம். ஓக்லஹோமாக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பயந்தாங்கொள்ளிப் பொந்து. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. விளம்பரம் என் பொறுப்பு. மே மாதச் சுழற்காற்றை நினைத்து நடுங்கும் மனிதர்களிடம் பயம் என்ற சொல்லே வராமல் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலாளி ஹார்லன் டீக் திங்கள்கிழமைக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்குவார். "நாம வியாபாரம் பண்ணல கர்டிஸ், ஊழியம் பண்றோம்" என்பார் என்னிடம். அதில் நடிப்பு இல்லை. வசதியில்லாத மூன்று விதவைகளுக்குக் காசு வாங்காமல் அறை இறக்கிக் கொடுத்தவர் அவர். எங்கள் விளம்பரங்களில் பறக்கும் கூரையோ உடைந்த வீடோ இருக்காது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடும்பம் கண்மூடி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் முதலில் எந்தச் சபை என்று கேட்பார்கள், என்ன வேலை என்பது பிறகுதான். அந்த வரிசை புரிந்தவன் இங்கே எதையும் விற்கலாம் என்று பதினான்கு வருடமாக நம்பியிருந்தேன்.

அறை வாங்குகிறவர்களுக்கு ஓர் உறை கொடுப்போம். அதில் உத்தரவாதச் சீட்டும், தபால்தலை ஒட்டிய ஓர் அட்டையும் இருக்கும். அட்டையை நிரப்பித் தபாலில் போட்டால், அறை எங்கே இருக்கிறது என்பது மாவட்டத் தீயணைப்புத் துறையின் பட்டியலில் ஏறும். வீடு சரிந்து மூடியின்மேல் விழுந்தால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. காற்று ஓய்ந்ததும் மீட்புக் குழு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கிளம்பும்.

இரண்டு வருடங்களுக்கு முன் வாடிக்கையாளர்கள் பத்துப் பேரைக் கூட்டி வைத்து அந்த உறையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "என் பொந்து எங்க இருக்குன்னு கவர்மென்ட்டுக்கு எதுக்கய்யா தெரியணும்? இன்னைக்குப் பொந்தக் கேப்பான், நாளைக்குத் துப்பாக்கி எங்க வெச்சிருக்கேம்பான்." மற்றவர்கள் சிரித்தபடி தலையாட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த அட்டையை எடுத்துவிட்டேன். பதிவு செய்யும் விவரம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்துக்குப் போனது. உறையில், அதே தபால்தலையோடு, சாட்சி அட்டை வைத்தேன். 'புயலில் ஆண்டவர் உங்களை எப்படிக் காத்தார்? எங்களுக்கு எழுதுங்கள்.' அட்டைகள் வந்து குவிந்தன. அவற்றைப் படத்தோடு விளம்பரத்தில் போட்டோம். விற்பனை ஏறியது. ஹார்லன் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார், கடைசிப் பக்கத்தைப் படிக்காமல்.

போன செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கைச் சங்கு ஊதியது. சுழற்காற்று எங்கள் அலுவலகத்தைத் தொடவில்லை. பன்னிரண்டு மைல் மேற்கே இறங்கி, கால் மணி நேரம் தரையோடு ஓடி, மேலேறிப் போய்விட்டது. நான்கு பன்னிரண்டுக்கு கைபேசியில், எங்கள் சபையின் ஜெபக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் லொரீனா ப்ரூயிட். முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். என் தலையை ஒன்பது வருடமாக வெட்டுகிறவர். தனியாக வசிக்கிறார்.

"பொந்துக்குள்ள இருக்கேன். மூடி திறக்கல. மேல என்னமோ பெருசா விழுந்து கெடக்கு. எங்கேர்ந்தோ தண்ணி வருது. ஜெபம் பண்ணுங்க."

கீழே பதில்கள் வரிசையாக வந்தன. ஜெபிக்கிறோம் சிஸ்டர். ஜெபிக்கிறோம். கூப்பிய கைகள் படம். மீண்டும் கூப்பிய கைகள். முப்பத்தேழு எண்ணினேன். போதகரின் மனைவி எழுதியிருந்தார்: "பயப்படாதீங்க லொரீனா. தீயணைப்புக்காரங்க லிஸ்ட்ல உங்க பேர் இருக்கும், நேரா வந்துடுவாங்க." அதற்கு லொரீனா ஒரு இதயப் படம் அனுப்பியிருந்தார். அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அவர் அறை வாங்கியது போன அக்டோபரில். அவருக்குப் போன உறையில் பழைய அட்டை இல்லை.

வண்டியை எடுத்தேன். பாதி வழியில் ஹார்லன் கூப்பிட்டார்.

"நம்ம அறையில இருந்த யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு கம்பெனிப் பக்கத்துல ஒரு பதிவு போட்டுடலாமா கர்டிஸ்?"

"இன்னும் தெரியல ஹார்லன்."

"அப்போ எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம்னு போடு."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். "சரி" என்று மட்டும் வந்தது.

தீவனக் கடை வாசலில் மீட்புக் குழுக்கள் கூடியிருந்தன. கேப்டன் டெனிஸ் யான்சி வண்டியின் முன்பக்கத்தில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி.

"லொரீனா ப்ரூயிட்" என்றேன். "சாண்ட் க்ரீக் ரோடு. பொந்துக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. மெசேஜ் வந்திருக்கு. தண்ணி ஏறுது."

டெனிஸ் விரலால் தாளைத் தடவிக்கொண்டே வந்தார். "ப்ரூயிட்... இல்லியே. அந்த ரோட்டுல ஒருத்தரும் பதிவு பண்ணலைன்னு அதக் கடைசியா தேட வெச்சிருந்தேன். ஏன் பதிவு பண்ணாம இருந்தா?"

"ஜனங்க மறந்துடறாங்க" என்றேன்.

யோசிக்காமலே வந்தது. குற்றத்தை வாங்கியவர் தலையில் வைத்து, வைத்த மாதிரியே தெரியாமல் பேசுவது என் தொழில்.

"அத்தனை டாலர் குடுத்து வாங்கத் தெரியுது, ஒரு அட்டை போடத் தெரியல. ஏறுங்க விளம்பரக்காரரே. இப்ப அங்க அடையாளம் எதுவும் இருக்காது. இடத்த நீங்கதான் காட்டணும்."

வண்டியில் போகும்போது வாடிக்கையாளர் பட்டியலைக் கைபேசியில் திறந்தேன். காற்று போன பாதையில், நான் அட்டையை மாற்றிய பிறகு வாங்கியவர்கள், லொரீனாவைத் தவிர, பத்தொன்பது பேர். திரையைத் தொடையில் கவிழ்த்து வைத்தேன். கம்பெனியின் பெயர், ஹார்லன், வழக்கு, என் வேலை என்று ஒவ்வொன்றாக வந்தது. முதலில் லொரீனா வெளியே வரட்டும், பிறகு சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அப்போது அது நியாயமாகக்கூடத் தோன்றியது.

அந்த இடத்தில் வீடு இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கூரை ஒருக்களித்துக் கிடந்தது, அதன்மேல் யாருடையதோ ஒரு சரக்கு வண்டி. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்துச் சரிவுக்குள் போய்க்கொண்டிருந்தது. எரிவாயு வாடை. டெனிஸ் சுத்தியலால் தரையில் மூன்று முறை அடித்தார்.

"எல்லாரும் வாய மூடுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் மூன்று அடி. அடியில் எங்கேயோ, பல்லில் கரண்டி பட்ட மாதிரி, டிக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

வண்டியைச் சங்கிலியால் இழுத்து, கூரையை ஜாக்கி வைத்துத் தூக்கி, மூடியை ஓரடி நகர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. லொரீனா உள்ளே பெஞ்சின்மேல் குனிந்து நின்றிருந்தார். தண்ணீர் மார்பு வரை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"டெனிஸ், நீ பஸ் ஓட்டற லட்சணத்துக்கு இவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியும்டி."

"பேசாம கையக் குடு. எடைய வேற ஏத்தி வெச்சிருக்க."

வெளியே வந்ததும் ஈரத்தோடு என் கையைப் பற்றிக்கொண்டார். "பிரதர் கர்டிஸ்! ஆண்டவர் உங்களை அனுப்பியிருக்கார்."

டெனிஸ் போர்வையைச் சுற்றிவிட்டார். "அவரு அனுப்பறது இருக்கட்டும், நீ ஒரு அட்டை அனுப்பியிருந்தா ஒரு மணி நேரம் முன்னாலயே வந்திருப்போம். லிஸ்ட்ல உன் பேரே இல்ல."

"எந்த அட்டை? வந்த அட்டைய அன்னைக்கே எழுதிப் போட்டேனே."

"தீயணைப்புத் துறைக்கா?"

"இல்லடி. ஆண்டவர் எப்படிக் காத்தார்னு கேட்டிருந்தாங்க. புயலே வரலியே, என்னத்த எழுதறதுன்னு யோசிச்சு, முன்கூட்டியே ஸ்தோத்திரம்னு எழுதினேன். அந்த உறையில வேற அட்டை எதுவும் இல்ல."

டெனிஸ் என் பக்கம் திரும்பினார்.

"அந்த உறைய ரெடி பண்றது யாரு?"

"நான்தான்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"இந்தக் காத்து போன வழியில இன்னும் எத்தனை பேரு?"

"பத்தொன்பது."

"அட்டை இல்லாததுதான் காரணம்னு கடை வாசல்ல வந்து நின்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஆகப் போகிறது.

லொரீனாவின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "உள்ள இருந்தப்போ எனக்கு இருந்த தைரியமே லிஸ்ட்ல என் பேர் இருக்குங்கறதுதான் பிரதர்" என்றார். "ஜெபம்கூட அதுக்கு அப்புறம்தான்." சொல்லிவிட்டு என் கையை விட்டார். கோபமாக இல்லை. போர்வையைப் பிடிக்க அந்தக் கை வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்.

டெனிஸ் வண்டியிலிருந்த வயர்லெஸ் ஒலிவாங்கியை எடுத்தார். "நாலு குழுவும் கேளுங்க. லிஸ்ட்ல இல்லாத பத்தொன்பது பொந்து இருக்கு. இவர் படிப்பாரு, எழுதிக்குங்க." அதை என் கையில் திணித்தார்.

வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பழகிய நான் முதல் பெயரை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. சாலையின் பெயர், வீட்டு எண், உள்ளே எத்தனை பேர் இருக்கக்கூடும். ஏழாவது முகவரியை ஒரு குழு ஏற்கெனவே கடந்து போயிருந்தது. "அங்க வெறும் மண்தான் கெடந்துது, யாரும் இல்லைன்னு வந்துட்டோமே" என்று ஒரு குரல் சொன்னது. "திரும்பிப் போ" என்றார் டெனிஸ். நான் எட்டாவதைப் படித்தேன்.

எங்களுக்கு மிக அருகில் இருந்தது பதினொன்றாவது. ஓக்லி குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மார்ச்சில் வாங்கினார்கள். கால் மைல் தூரம். அங்கேயும் சிமெண்ட் தரையும் அதன்மேல் குவிந்த மரச் சட்டங்களும்தான். எங்கள் குழுவில் மற்ற இருவரும் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டெனிஸ் சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

மண்டியிட்டு மூன்று முறை அடித்தேன். காதைத் தரையில் வைத்தேன். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் அடித்தேன்.