உப்பிட்ட ஆடாதோடை

"இலைக்கு எதுக்கு உப்பு போட்டிய?"

"கெட்டுப்போகக் கூடாதுல்லா. சீலா மீனுக்குப் போடுதோம், இதுக்குப் போட்டா என்ன டீச்சர்?"

1973இல் கல்லூரி ஆய்வகத்துப் பின்வாசலில் வேதியியல் ஆசிரியை கிளாடிஸும் முன்பு சங்கு குளித்த ரோச்சும் பேசிக்கொண்டது இது. அந்த உப்பிட்ட ஆடாதோடை இலையிலிருந்துதான் தூத்துக்குடியின் இருமல்கள் வகைவகையாகப் பிரிந்து ஊரைவிட்டுப் போயின.

காசநோய்க் கிருமியை அடக்கும் பொருளை அந்த இலையிலிருந்து தனியே பிரித்தெடுக்கக் கிளாடிஸ் வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தாள். ரோச்சுக்கு ஊசி மாத்திரைக்கு அசையாத காசம். கடலில் இறங்க முடியாமல் போனபின் சாயர்புரம் வரை சைக்கிளில் போய் இலை பறித்துவந்தான். கிளாடிஸைத் தனக்குக் கட்டித் தருவார்களா என்று அவளிடமே கேட்டுவிட நினைத்து வாய் திறக்கும்போதெல்லாம் இருமல் வரும். இருமுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சைக்கிளில் ஏறிவிடுவான்.

உப்பிட்ட இலையை எறிய மனமில்லாமல் அவள் அதை ஆல்கஹாலில் ஊறவைத்து, வெள்ளைத்தூள் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய்வழியே இறக்கினாள். சாறு நிறம்நிறமாகப் பிரிந்தது. பச்சை குடுவைக்கு வந்த அன்று உப்பளத்துக்காரர்களின் தூசி இருமல் நின்றது. பழுப்பு வந்ததும் துறைமுகக் குமாஸ்தாக்கள் லீவு கேட்பதற்காக இருமும் இருமல் போயிற்று. அந்த மாதம் எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டதால் அலுவலகத்தில் நாற்காலி போதவில்லை. மளிகைக்கடை மாசானம் அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார்.

"பனங்கற்கண்டு மூட்டமூட்டயாக் கெடக்கு டீச்சரம்மா. ஒரு இருமலயாவது விட்டு வையுங்க."

மஞ்சள் மட்டும் குழாயின் நடுவில் நின்றுவிட்டது. தவக்காலம் முழுவதும் நின்றது. ஈஸ்டர் கழிந்து ஒரு மத்தியானம் சொட்டுச்சொட்டாக இறங்கிப் படிகமானது. சென்னைக்கு அனுப்பிச் சோதித்தபோது அதைச் சேர்த்த சோதனைக்குழாய்களில் மட்டும் கிருமி வளரவில்லை. உப்பில்லாத இலையில் திரும்பச் செய்துபார்த்தாள், மஞ்சள் வரவேயில்லை.

படிகமான அன்றே ரோச்சின் இருமல் அவனைவிட்டு இறங்கி, பழைய துறைமுகம்வரை நடந்துபோய், கொழும்புக்குப் புறப்பட்ட தோணியில் ஏறியது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ரோச் இலைச்சாக்கோடு வந்தான். வாயைத் திறந்துவிட்டு, பழக்கத்தில் சற்றுப் பொறுத்தான். இருமல் வரவில்லை. கிளாடிஸ் குடுவையைக் கீழே வைத்தாள்.

"இன்னும் என்ன, சொல்லுங்க."

"வாற ஞாயித்துக்கிழம கோயில்ல நம்ம கல்யாண ஓலைய வாசிக்கச் சொல்லி சாமியார்ட்டக் கேக்கட்டுமா, கிளாடிஸ்?"