கடைசிக் காம்பராவின் அழுகை

எங்கள் சேவைக் கழகத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் பொருத்தினாலும் ரிப்பன் வெட்டாமல் தண்ணீர் வராது. தலைவர் பிரதாப் அப்படி. ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருக்கிறார், மாலை மரியாதை என்றால் உயிர். ஆனால் கழக மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டை மட்டும் ஒரு படம்கூட எடுக்காமல் திறந்தார். அடி தாங்காமல் ஓடி வரும் பெண்களுக்கான வீடு அது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. இந்த ஒரு காரியத்துக்காக அவருடைய மற்றக் கூத்துகளை நான் பொறுத்துப் போகிறேன்.

சுதர்ஷினி அங்கே வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. டயகமப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவள். அடைமழையில் தேயிலைக்குள் ஒளிந்து நடந்து, ஒரு லொறிக்காரர் தயவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். தாடை விலகியிருந்தது. அது ஆறிய பிறகும் முற்றத்தில் துணி காயப்போடக்கூட வரமாட்டாள். புருஷன் ஜெயகாந்தன் வந்து இழுத்துப் போய்விடுவான் என்ற பயம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்றார் வக்கீல். ஆனால் அவன் வாயாடி, வழுக்கி விழுந்தாள் என்று சாதிப்பான், லயத்து வரிசை வீட்டு ஆள் ஒருவர் வந்து அடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னால்தான் பலம் என்றார்.

“யாராச்சும் சொல்லுவாங்களா டீச்சர்?” என்றாள் சுதர்ஷினி.

“ஏன் சொல்லமாட்டாங்க? நானே போய்க் கேக்கிறேன்,” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஜெயகாந்தன் பகலெல்லாம் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போய், குடித்துவிட்டு இருட்டும்போதுதான் வருவான். அதனால் கொழுந்தை எடைபோட்டுவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் பின்னேரத்தில் பிரதாப்பின் வேனில் போனோம். லயம் மலை விளிம்பில் இருந்தது. பனிமூட்டம் கூரைவரை இறங்கிவிட்டது. வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள்.

ஆனாலும் ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“கேக்கலைங்க. டீவி போட்டிருந்தோம்.” முதல் வாசலில் இந்தப் பதில். அடுத்த வாசலிலும் இதே பதில். சுதர்ஷினி என்ற பேரைச் சொன்னதும் ஒருத்தி பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் இறம்பொடையில் லயத்தில் பிறந்தவள்தான், எனக்கா தெரியாது? ஒரு காம்பராவில் அடி விழ ஆரம்பித்தால் மற்றவர்கள் டீவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பிள்ளைகள் காதில் விழக் கூடாதாம், அடி வாங்குகிறவளின் மானம் போகக் கூடாதாம். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

“சரி டீச்சர், போவோம். இவங்க வாய் திறக்க மாட்டாங்க,” என்றார் பிரதாப்.

வேனில் ஏறப்போகும்போது ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். பூரணி என்று பேர் சொன்னாள். ஜெயகாந்தனின் கடைசிக் காம்பராவிலிருந்து மூன்றாவது அவளுடையது.

“டீச்சர், நீங்க சங்கத்து ஆளுங்கதானே. எங்களுக்கு ஒரு நல்ல கோடாங்கி புடிச்சுத் தருவீங்களா? பூசை போடணும். புள்ளைங்க பயந்து காய்ச்சல்ல விழுதுங்க.”

“எதுக்குப் பூசை?”

அவள் கடைசிக் காம்பராவின் பக்கம் திரும்பாமலே தலையை மட்டும் அசைத்தாள். அதன் ஜன்னலில் தகரம் அடித்திருந்தது. வாசலில் வாழையிலையில் சோறு, அவித்த முட்டை, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். “சுதர்ஷினிக்குப் படையல் வச்சுப் பாத்துட்டோம், அடங்கல. அவ காணாமப் போன மறுநாள் ஆத்தோரமா அவ செருப்பு கெடந்துச்சு, ஆத்துல போயிட்டா. கொஞ்ச நாள்லயே அழ ஆரம்பிச்சுட்டா. பக்கத்துக் காம்பராக்காரங்க பயத்துல கீழ்க்கணக்கு லயத்துக்குக் குடி போயிட்டாங்க.”

மழையில் செருப்பு அறுந்து போனதாகச் சுதர்ஷினி சொல்லியிருந்தாள். நாங்கள்தான் யாரிடமும் மூச்சு விடவில்லையே! கட்டுப்பாடாவது மண்ணாவது என்று அவள் கையைப் பிடித்தேன்.

“பூரணி, அவ சாகல. காலையில என்கூட உக்காந்து ரொட்டி சாப்பிட்டா.”

பூரணி என் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப அழுறது யாருங்க?” என்றாள்.

கேட்டு வாய் மூடவில்லை, அது தொடங்கியது. மெல்லிய விசும்பல், மூச்சை அடக்கி அடக்கி. பனிக்குள்ளே எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. உடனே முதல் வீட்டில் டீவி சத்தம் எகிறியது. பிறகு அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். ஒன்றில் செய்தி, ஒன்றில் சினிமாப் பாட்டு, ஒன்றில் சிங்கள நாடகம். லயம் முழுக்க இரைந்தது, ஒரு ஆள்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பூரணிகூடப் பழக்கத்தில் தன் வீட்டுப் பக்கம் எழுந்து ஓடப் பார்த்தாள். நான் கையை விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஓடத்தான் தோன்றியது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மாதா படத்தை இன்னொரு கையில் இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

கடைசிக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

“எங்க கடைப் பூட்டு. நல்ல சாமான்,” என்றார் பிரதாப். வேனிலிருந்து டயர் மாற்றும் இரும்பை எடுத்து வந்து நெம்பினார். பூட்டு அசையவில்லை, கொண்டிதான் மரத்தோடு பிய்ந்து வந்தது.

உள்ளே இருட்டு. மண்ணெண்ணெய் நாற்றம். மூலையில் ஒரு கம்பளி அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, “நான் அழலைங்க, அழலைங்க,” என்றாள். மறைக்காத பக்கம் கண் வீங்கி மூடியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நாங்க அவன் இல்லம்மா. பயப்படாத,” என்றேன்.

பேர் ஷாமிலா. நோட்டன் பிரிட்ஜ் பக்கம். கல்யாணம் கட்டிக்கொள்வதாகச் சொல்லி ஜெயகாந்தன் ஒரு மழை ராத்திரியில் கூட்டி வந்திருக்கிறான். மறுநாளிலிருந்தே பூட்டு. மூத்த தாரத்தைக் கொன்றுவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறான். கொல்லும்போது இந்த லயத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை, உனக்கும் கேட்காது என்றிருக்கிறான். அவன் வரும் நேரம் நெருங்கினாலே தன்னால் அழுகை வந்துவிடும் என்றாள்.

பிரதாப் பொலிசுக்கு போன் எடுத்தார். வாசலில் ஒவ்வொருவராகக் கூடினார்கள். பேய் எழுந்து நடந்து வந்ததை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பூரணி தன் முக்காட்டுத் துணியை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் போர்த்தினாள்.

“எங்களுக்குக் கேக்கலம்மா,” என்றாள். அது வாயில் அப்படித்தான் வந்தது.

ஷாமிலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

“கேட்டுச்சுக்கா. நான் அழ ஆரம்பிச்சதும்தானே டீவிய கூட்டுவீங்க. அத வச்சுத்தான் ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

பூரணி மட்டும் குனிந்த தலையோடு வந்து, கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வேனில் ஷாமிலாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் என்னவோ சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

“கோர்ட்டுல கேட்டுச்சுன்னு சொன்னா போதுமா டீச்சர்?”

“போதும் பூரணி.”

ஹட்டன் வந்து சேரும்வரை, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் அந்த ஒரு சொல்லையே வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள்.