கால் பக்கத் தையல்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மாமனார் பழைய கூடாரத்தை உட்புறம் மேலே தெரியும்படி விரித்துப் போட்டிருந்தார். வீடு முழுக்கப் புளித்த வாடை. தண்ணீர் புகாமல் தடுக்கும் உள்பூச்சு வெயிலில் உரிந்த தோல்போலச் செதில் செதிலாக எழும்பி நிற்க, அவர் மண்டியிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு அடியில் அவளுடைய யோகா விரிப்பு.

"ஈரத்தோட மடிச்சு வச்சிருக்கான் மடையன்," என்றார்.

மடையன் என்றது தன் மகனை, அவள் கணவனை. மகள் குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் போன பிறகு அவனை அவர் திட்டி அவள் கேட்டதில்லை. போனவர்களை எல்லாரும் செய்வதுபோல் அவரும் அவனைத் தங்கக்கம்பி ஆக்கி வைத்திருந்தார். இன்று அந்த ஒரு வசவில் அவன் மறுபடி சாதாரண ஆளாகி, ஈரத்துண்டைக் கட்டிலில் எறிகிறவனாகக் கூடத்துக்குள் நடமாடியதுபோல் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கூடாரத்தைக் கேட்டவள் அவள்தான். "குட்டிக்கு லீவு விடுறாங்க மாமா, ஏரிப் பக்கம் போய்த் தங்கிட்டு வரலாம்னு இருக்கோம்." அந்த 'இருக்கோம்' என்பதில் இன்னொரு ஆள் ஒளிந்திருந்தார். கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர். தலைவலி என்று ஒருநாள் அவளிடம் கண்ணைச் சோதித்துக்கொள்ள வந்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அடுத்த மாதமும் வந்தார். இப்போது குட்டி அவர் தோளில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகிவிட்டாள். மாமனாரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நாளெல்லாம் அந்நியர் கண்களை அருகிலிருந்து பார்த்துப் பிழைப்பவளுக்கு, ஒரே மேஜையில் சாப்பிடும் இந்த மனிதரின் கண்ணைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியமில்லை. மனைவியும் போய், ஒரே மகனும் போய், அவருக்கு மிச்சம் இவர்கள் இருவர்தான்.

வேலைபார்த்த காலமெல்லாம் அவர் குழாய் ஒழுகல் அடைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, எதிரி இல்லாத படைத்தளபதிபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவரிடம் இந்தக் கூடாரம் வாகாக மாட்டியது. பழைய பூச்சை ஒட்டுமொத்தமாகத் தேய்த்து எடுத்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினார். புதுப் பூச்சைத் தூரிகையால் மெல்லிசாக இழுத்தார். தையல்களின் மேல் உரிந்து தொங்கிய நாடாவைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு ஊசித்துளைக்கும் பசை ஊட்டினார். குட்டி கிட்டே போனால், "தொட்டா ஒட்டிக்குவே. அப்புறம் உன்னையும் சேத்துச் சுருட்டித்தான் ஏரிக்கு எடுத்துட்டுப் போகணும்," என்று விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சோதனை. குட்டி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கூடாரத்தை நிறுத்தி, மாமனார் உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டார்.

"ஊத்தும்மா. மழைன்னா மழை மாதிரி இருக்கணும். என்னைப் பாத்துப் பாவப்படாத."

அவள் ரப்பர் குழாயை உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் துணியில் ஊறாமல் முத்து முத்தாக உருண்டோடியது.

"தலைப் பக்கம் ஒரு சொட்டு இல்ல!" உள்ளிருந்து சந்தோஷக் குரல்.

அவர் படுத்திருப்பது நிழலாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இனி இப்படியொரு வாய்ப்பு வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா, ஏரிக்கு இன்னொருத்தரும் வர்றாரு. குட்டிக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்காரு. நான் இன்னும் பதில் சொல்லல."

குழாயைத் தாழ்த்தக்கூடத் தோன்றாமல் அவள் ஒரே இடத்தில் பொழிந்துகொண்டு நின்றாள். கத்துவாரா, அழுவாரா, பேசாமலே இருந்துவிடுவாரா? கடைசியில் நிழல் எழுந்து உட்கார்ந்தது.

"கால் பக்கம் ஒழுகுது."

"சரி மாமா."

"அவரு உயரமான ஆளா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஆமா. உங்களைவிட ஒரு சாண் கூட இருப்பாரு."

"அப்ப காலு அங்கதான் வரும். நனைஞ்சிடும்."

அவள் குழாயை மூடினாள். ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரின் கால்சட்டை கணுக்காலில் நனைந்திருந்தது. முகமும் ஈரமாக இருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் பதில் சொல்லல?"

"நீங்க..."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்று எகிறியவர், பிறகு குரல் இறங்கி, "தனியா இருக்கப் பயமாத்தான் இருக்கு. அதுக்காக உன்னைப் பிடிச்சு வச்சுக்க முடியுமா?" என்றார்.

"உங்களைத் தனியா விடப்போறதா யாரு சொன்னா?"

"அவரைக் கேட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"கேக்காம எனக்கு வாக்குக் குடுக்காத," என்றார்.

வெயில் சாய்வதற்குள் துணி காய்ந்துவிட்டது. அவர் பசை டப்பாவைத் திறந்து, கால் பக்கம் உட்கார்ந்து, "இழுத்துப் பிடி," என்றார். அவள் எதிரே மண்டியிட்டுத் தையலின் இரு பக்கமும் விரல்களால் இறுக்கிப் பிடித்தாள். தூரிகை ஒரு மினுங்கும் கோட்டை இழுத்துக்கொண்டு அவள் விரல் நுனிவரை வந்தது. நின்றது. விரலில் படாமல் அதைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.