ரவுட்டரைச் சுத்தம் செய்தவன்

ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கிறவன் சொந்த அக்கா வீட்டை விட்டுவைப்பானா? வேலையிடத்தில் வயர் என்று பட்டப்பெயர் வாங்கியவன், தன் கையாலேயே அங்கே ரவுட்டரை மாட்டினான். வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் நீளத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்தான். கூடவே, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ரவுட்டருக்குள் நுழைந்து கோளாறைச் சரிசெய்ய ஒரு வழியைத் திறந்து வைத்தான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். போன் வரும்போதெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு ஓட யாருக்கு உடம்பு வளையும்?

பிறகு அந்த மாடலில் ஒரு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. விஷயம் தெரிந்தவன் லாகின் பக்கத்தைத் தாண்டி நேராக உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை யாரும் கேட்கப்போவதில்லை. தயாரித்தவர்கள் அவசரமாக அப்டேட் விட்டார்கள். அக்காகூடப் போனில் கேட்டாள்.

"தம்பி, அப்டேட் பண்ணுன்னு என்னவோ வருதுடா. அமுக்கட்டுமா?"

"நீ கையை வெச்சுக் கெடுத்துடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

அப்டேட் போட்டால் அவன் செய்து வைத்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். நேரில் போய் முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தான். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அத்தான் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். ராத்திரியெல்லாம் அடுப்பு, பகலெல்லாம் தூக்கம். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். அவர் வீட்டுக்குத்தான் ஒருநாள் போலீஸ் வந்தது. எங்கோ இருக்கும் முகம் தெரியாத சின்னப் பெண்களுக்கு, இந்த வீட்டு இணைப்பிலிருந்து, வாயால் சொல்ல முடியாத செய்திகள் போயிருக்கின்றன. எல்லாம் பகல் நேரத்தில். அக்கா வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் இருப்பது அவர் மட்டும். போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்துப் போனார்கள். சுவரில் மின்னிக்கொண்டிருந்த ரவுட்டரை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா அழுதுகொண்டே போன் செய்தபோதே வயருக்குப் புரிந்துவிட்டது. எவனோ உள்ளே புகுந்து, இவர்கள் வீட்டு இன்டர்நெட் முகவரியைப் போர்த்திக்கொண்டு அந்த அயோக்கியத்தனத்தைச் செய்திருக்கிறான். பைக்கில் பறந்தான். கோளாறு என்றால் முதலில் ரீசெட், பிறகுதான் யோசனை. பல வருஷமாகக் கையில் ஊறிப்போன பழக்கம். ரவுட்டரை ரீசெட் செய்தான், அப்டேட் போட்டான், ஆபீஸிலிருந்து நுழையத் திறந்து வைத்த வழியை மூடினான். அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் வழியில், சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. உள்ளே வந்தவன் எங்கிருந்து வந்தான் என்ற பதிவு அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்திருக்கும். அத்தானுக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தன் விரலாலேயே அழித்திருக்கிறான். பச்சை விழுந்து பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் அவன் கால் நகரவில்லை.

அடுத்த முறை போலீஸோடு கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண் அதிகாரியும் வந்தார். வயர் பக்கத்தில் நிற்க, ரவுட்டரை நிதானமாகச் சோதித்தார்.

"இது கச்சிதமா இருக்கு. வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. வீட்டுக்குள்ள இருந்துதான் போயிருக்கணும்."

"மேடம், இந்த அப்டேட்டே நான் இப்பதான் போட்டேன். அதுக்கு முன்னாடி ஓட்டை இருந்துச்சு."

"அந்த மாடல்ல இருந்துச்சு, எனக்கும் தெரியும். ஆனா இதுக்குள்ள யாராவது வந்தாங்கன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

அவர் கையிலிருந்த நோட்டை மூடினார்.

அவர்கள் போனதும் வயர் அடுக்களைக்குப் போனான். அக்கா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பெல்லாம் என்னோடது. அத்தான் அந்த மாதிரி ஆள் இல்ல. சத்தியமாச் சொல்றேன்."

அவள் ஈரக்கையால் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"என் குடும்பம் உடையக்கூடாதுன்னு பழியை உன் தலையில போட்டுக்கறே. உன்னை எனக்குத் தெரியாதாடா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவன் திரும்பத் திரும்பச் சொன்னான், ஓட்டை என்றான், ரீசெட் என்றான். சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் அவன்மேல் பாசம்தான் கூடியது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். அங்கிருந்த மெத்தையைத் தன் அறைக்கு இழுத்தாள். ஹாலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த அத்தான், கனமாயிற்றே என்று எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"விடுங்க," என்றாள்.

அவர் விட்டுவிட்டார். அவள் மெத்தையை உள்ளே இழுத்துப் போட்டாள், மகளையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.