மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஊர் வழக்கப்படி ரவ்னா காபியில் போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள் ஊறி, கோப்பையின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. குடிக்க மறந்துபோயிருந்தாள். அந்த நேரத்தில்தான் தம்பி ஆந்தே போனில் மறுபடியும் கூப்பிட்டான்.

"என்னக்கா, உன் வானத்துக்கு வலி கண்டுச்சா இல்லியா? மருத்துவச்சி மாதிரி எத்தனை நேரம்தான் பக்கத்துலயே உக்காந்திருப்பே?"

"இன்னும் கொஞ்ச நேரம்டா."

"காலையில இருந்து அந்தக் கொஞ்சத்தைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். பசி அடங்கலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் உட்கார்ந்திருந்தது ராக்கெட்டின் துண்டுகள் வந்து விழும் காட்டுக்கு நடுவில், மான் மேய்ப்பவர்களுக்கென்று கட்டிய கான்கிரீட் அறையில். ஏவுதளத்தில் ராக்கெட்டைத் தயாராக நிறுத்திவிட்டால், 'இன்று இல்லை' என்று சொல்லும்வரை அங்கிருந்து வெளியே கால் வைக்கக் கூடாது. அவனுடைய துருவமான்கள் மட்டும் வெளியே, பனிக்காலத்து மாலை இருட்டில், குன்றின்மேல் பனியைக் கிளறிப் பாசி தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு யார் போய்ச் சட்டம் சொல்வது?

ராக்கெட் போக வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள், ஏவுதளக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ரவ்னா. பொத்தான் ஹோக்கானின் கையில் இருந்தது. அவன்தான் ஏவுதளத்துக்குத் தலைவன். ஆனால் வாய் அவளுடையது.

பூமியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைச் சூரியக்காற்று இரவுப் பக்கமாக ஒதுக்கித் தள்ளி, நீண்ட வாலாக்கி வைத்திருக்கிறது. அந்த வாலுக்குள் கொதிக்கும் பிளாஸ்மா அடைந்து கிடக்கிறது. அதன் அழுத்தம் ஏற ஏற, காந்தக் கோடுகள் இழுபட்டு, இழுபட்டு, மெலிந்துகொண்டே போகும். பிறகு ஒரு நொடியில் தாங்காமல் தெறித்துத் திரும்பும். அப்போதுதான் இந்த ஊர் வானம் துருவ ஒளியில் பச்சையாக வெடிக்கும். தெறிப்பதற்கு முன்னால் கோடுகள் என்ன வடிவத்தில் இருக்கும் என்று கணிப்பதுதான் ரவ்னாவின் வேலை. உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து இறுக்குவதும் எங்கே சரிக்குச் சரியாக நிற்கின்றன என்று அவள் எழுதிய கணினி நிரல் தேடும். ஆனால் அழுத்தம் எவ்வளவு என்பது பாதி ஊகம்தான். ராக்கெட் அந்த முன்நேரத்தில் மேலே போய், வாலிலிருந்து கோடு வழியாக இறங்கும் துகள்களைப் பிடித்தால் ஊகம் போய் உண்மை வரும். காத்துக் காத்துக் கிடைத்த அனுமதி இன்றோடு முடிகிறது.

நிரல் சற்று முன்தான் நின்றுபோயிருந்தது. சமநிலை கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அப்படி நிற்பது தெறிப்புக்கு முன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அடுத்த மூச்சிலா, நடு ராத்திரியிலா, இல்லை சத்தமில்லாமல் தளர்ந்துவிடுமா என்று மட்டும் தெரியாது. இத்தனை வருஷம் படித்து, தெரியாத இடத்துக்கு வாசல்வரை வந்திருந்தாள். அவ்வளவுதான்.

"நிரல் என்ன சொல்லுது, ரவ்னா?" என்றான் ஹோக்கான்.

"இழுத்துக்கிட்டு நிக்குது."

"நேத்தும் அதையேதான் சொன்னே. சரி, தம்பி அங்கேதானே இருக்கான்? மான் எத்தனை வெச்சிருக்கான்?"

ரவ்னாவுக்கு முகம் சுருங்கியது. இருபது வருஷமாக வடக்கில் இருக்கிறான், இன்னும் இது தெரியவில்லை. ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பது, மடியை அவிழ்த்துக் காட்டு என்பதற்குச் சமம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆந்தேவே பதில் சொன்னான்:

"மரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்குங்க, அந்தப் பக்கமும் இருக்கு."

யாராவது எண்ணிக்கை கேட்டால் அவர்களுடைய அப்பாவும் இதையேதான் சொல்வார். ஹோக்கான் புரியாமல் சிரித்தான்.

பிறகு ஆந்தேயின் குரல் தணிந்தது. "அக்கா, காத்து திரும்பிருச்சு. தெக்கேயிருந்து வருது."

அவ்வளவுதான் சொன்னான். மான்கள் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் நடக்கும். தெற்கே ரயில் பாதை. கூட்டத்தை நடத்தும் பெண்மான் வெள்ளைக்காதுக்காரிக்குக் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டியிருந்தது. அவளுடைய புள்ளி ரவ்னாவின் போனிலும் தெரியும். இதுவரை குன்றைச் சுற்றிக்கொண்டிருந்த அது, இப்போது நேராக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வருபவை தள்ள, முன்னால் போகிறவள் நடப்பாள்.

வெளியே விடச்சொல்லி ஆந்தே கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது இருக்கலாம். அவள் திரையைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். சிறிது நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

புள்ளி காட்டைத் தாண்டியது.

"நிறுத்திரு ஹோக்கான். இன்னைக்கு வேண்டாம்."

அவன் அவளையே பார்த்தான். "இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு நீதானே..."

"நிறுத்திருன்னு சொல்றேன்ல."

அவன் திட்டவில்லை, மைக்கை எடுத்து 'இன்று இல்லை' என்று அறிவித்தான். ஆந்தேயின் பனிவண்டி உறுமிக் கிளம்பியது ஸ்பீக்கரில் கேட்டது. ரவ்னா மேசைத் தொலைபேசியில் ரயில்வேக்குக் கூப்பிட்டாள். இரும்புத்தாது ஏற்றிய வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டதாம். ஓட்டுநருக்குச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பாரத்தோடு நினைத்த இடத்தில் நிற்காதம்மா என்றாள் அங்கிருந்த பெண்.

அப்போதுதான் ஜன்னல் பச்சையானது.

தெறித்துவிட்டது. கிழக்கிலிருந்து மேற்குவரை வானம் கிழிந்து கொட்டியது. முற்றத்தில் குளிருக்குப் போர்த்திய போர்வை கழற்றாத ராக்கெட் அந்த வெளிச்சத்தில் சும்மா நின்றது. ஹோக்கான் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகக் காபி எடுக்கப் போனான்.

"அக்கா." ஆந்தேவுக்கு மூச்சிரைத்தது. "பாதைக்கு வந்துட்டேன். பனியை ஒதுக்கி ரெண்டு பக்கமும் சுவராட்டம் கொட்டியிருக்கானுங்க. உள்ள இறங்குனதுங்களுக்கு ஏற முடியலை. வெரட்டுனா தண்டவாளத்தோடயே ஓடுதுங்க. நிறுத்துனா நிக்குதுங்க. என்னதான் பண்ணுவேன் நான்?"

"வண்டிக்குச் சொல்லியாச்சுடா."

"நல்லா வெளிச்சமா இருக்குக்கா. ஒவ்வொண்ணு முகமும் தெரியுது."

மேசைத் தொலைபேசியில் அந்தப் பெண் காத்திருந்தாள். "எத்தனை உருப்படி இருக்கும்மா, பாதையில? ஓட்டுநருக்குச் சொல்லணும்."

ரவ்னா கையால் ரிசீவரைப் பொத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத கேள்வி அது.

"ஆந்தே... எத்தனைடா இருக்கும்?"

போனில் காற்று அடிப்பது கேட்டது.

"இங்க மரமே இல்லியேக்கா," என்றான்.

பிறகு அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான் போலிருக்கிறது. துருவமான் நடக்கும்போது அதன் கணுக்கால் நரம்பு சொடுக்கும். ஒன்று நடந்தால் காதில் விழாது, கூட்டமாகப் போனால் கேட்கும். அது இப்போது கேட்டது. கிட், கிட், கிட் என்று, இரண்டு பனிச்சுவர்களுக்கு நடுவில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில், நீண்டு மெலிந்துகொண்டே போனது. ரவ்னா ரிசீவரைப் பொத்திய கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.