டைரக்டில் வருவான்

சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் செல்வாம்பாள் அத்தை தனியாக வசித்து வந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றிய ‘சொல்தா’, அதாவது சிப்பாய். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் அருள்முருகனும் அதே பட்டாளத்தில் சேர்ந்து பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். அவர் ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் சீருடையில் எடுத்த ஒரு படம் மட்டுமே அத்தையிடம் இருந்தது.

2005ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

“நிர்மலா, பதினாலாந்தேதி பாரீஸ்ல அணிவகுப்பு நடக்கும்ல, அதுல நம்ம முருகனும் நடக்கிறானாம்மா! டிவில காட்டுவாங்களாம். டைரக்ட்ல வரும், டைரக்ட்ல வரும்னு ரெண்டு தரம் சொன்னான்.”

அந்நாள்களில் எங்கள் தெருவில் ‘டைரக்ட்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். தூர்தர்ஷன் அப்போதுதான் தொடங்கியிருந்த டைரக்ட் டிஷ். தட்டையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும். மாதச் சந்தா கிடையாது. கேபிள்காரரோடு சண்டையிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்த அத்தைக்கு அதுவே ஏற்றது என்று எனக்குப் பட்டது. நான் லாஸ்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பள்ளியில் பிரெஞ்சு படித்து எண்பத்தொன்பது மதிப்பெண் பெற்றவள். பிரான்ஸிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அத்தை என்னிடம்தான் கொண்டுவருவார். அந்த மரியாதையை நான் மிகவும் விரும்பினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி, டிஷ் பொருத்தும் கொளஞ்சி வந்தார். மாடியில் தட்டைத் தென்கிழக்கே திருப்பி, ஏறக்குறைய வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினார். நான் படிக்கட்டில் நின்றுகொண்டு, கீழே தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்த அத்தைக்கும் மேலே இருந்த அவருக்கும் செய்தி சொன்னேன்.

“அக்கா, வந்துடுச்சா?”

“வரலியாம்.”

“இப்ப?”

கீழேயிருந்து அத்தையே கத்தினார். “வந்துடுச்சி, வந்துடுச்சி! கைய எடுத்துடாத, அப்படியே புடிச்சிக்க!”

“பதினாலாந்தேதி வரைக்கும் புடிச்சிக்கிட்டு நிக்கவா ஆயா?”

“ஆயாவா? உனக்கு யாருடா ஆயா? ஒழுங்கா முடுக்கிட்டு எறங்கு.”

முப்பத்துச் சொச்சம் சேனல்கள் வந்தன. கொளஞ்சி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இதுல பிரெஞ்சு சேனலே இல்லியேக்கா. எந்த சேனல்னு அவரயே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

அத்தை உடனே தொலைபேசிப் பக்கம் திரும்பினார். “போன் போட்டுக் கேக்கட்டுமா நிர்மலா?”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: “வேண்டாம் அத்தை. ஒத்திகை நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்வது நன்றாக இருக்காது. அவரே டைரக்ட் என்று சொல்லியிருக்கிறாரே. அன்றைக்குத் தூர்தர்ஷனில் காட்டுவார்கள்.”

நாகரிகம் கருதி அப்படிச் சொன்னேன் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கொளஞ்சியின் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதே உண்மை.

பிரான்ஸின் தேசிய நாளான பதினான்காம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் அன்று காலையில் அத்தை கணவரின் பதக்கங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் போர் நினைவிடத்தில் நடக்கும் மரியாதைக்குச் செல்வது வழக்கம். அந்த ஆண்டு செல்லவில்லை. “அவரு கோச்சிக்க மாட்டாரு. புள்ளயப் பாக்கணும்ல” என்றார். மகனின் படத்தைத் தொலைக்காட்சியின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். தொப்பி போட்டால் எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்குமாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

பாரீஸில் காலை பத்து மணி, நமக்குப் பிற்பகல் ஒன்றரை. அந்தக் கணக்கை நான் சரியாகவே போட்டிருந்தேன். ஒன்றரைக்கு உழவர்களுக்கான நிகழ்ச்சி. இரண்டு மணிக்குச் செய்தி. நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். பாட்டு, பக்தி, பாட்டு, மறுபடியும் உழவர். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றரை மணிக்கு, “கரண்டு போச்சின்னு நெனச்சிக்கலாம், விடும்மா” என்றார். மின்சாரம் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மாலையில் தொலைபேசி ஒலித்தது. அத்தைக்குக் காது மந்தம் என்பதால் அருள்முருகன் உரக்கப் பேசுவார். அருகில் இருந்த எனக்கும் கேட்டது.

“பாத்தியாம்மா?”

அத்தை என்னைப் பார்த்தார். “பாத்தேன்டா கண்ணு. நல்லா நடந்த.”

“எங்க நின்னேன்னு கண்டுபுடிச்சியா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? மூணாவது வரிசை.”

பதில் சற்றுத் தாமதித்தே வந்தது. தொலைதூர அழைப்புகளில் அது வழக்கந்தான்.

“ஆமாம்மா. ஆன் திரெக்த்ல போவுதுன்னதும் ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணித்தான் வச்சேன். தப்பா வச்சா அந்த நிமிஷமே ஊரெல்லாம் பாக்கும்ல.”

ஆன் திரெக்த். ஒன்பதாம் வகுப்புப் பிரெஞ்சுப் புத்தகத்தில், ஒலிவாங்கியுடன் நிற்கும் ஒரு செய்தியாளரின் படத்துக்குக் கீழே அந்தச் சொற்கள் இருந்தன. பொருள்: நேரலை. அவர் சொன்னது எந்த டிஷ்ஷையும் அல்ல; நடக்கும்போதே காட்டுவார்கள் என்பதைத்தான். தாயின் காதுக்கு அது பழகிய ‘டைரக்ட்’ ஆகிவிட்டது. என் காதுக்கு அப்படி ஆகியிருக்கக் கூடாது.

மறுநாள் அலுவலகத்தில், பழைய நகரத்தில் குடியிருக்கும் புருஷோத்தமன் சார், “நேத்து அணிவகுப்பு பாத்தீங்களா மேடம்? எங்க கேபிள்ல பிரெஞ்சு சேனல் வருது” என்றார். சாரத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

அத்தையிடம் அந்தச் சொல்லின் பொருளை நான் சொல்லவில்லை. அவர் என்னை ஒருநாளும் குறை கூறவும் இல்லை. மாறாக, தெருவில் யார் கேட்டாலும் அணிவகுப்பை விவரிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரிசை, விறைத்த தோள், ஓரக்கண்ணால் ஒரு சிரிப்பு. “நிர்மலாவக் கேளுங்க, கூடத்தான் இருந்தா” என்பார். நான் தலையசைப்பேன்.

2008 டிசம்பரில் அருள்முருகன் விடுப்பில் வந்தார். எங்கள் வீட்டில் அப்போது பிராட்பேண்ட் இணைப்பு இருந்தது. அவர் மடிக்கணினியும் கையுமாக அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார்.

“இப்ப டிஷ்ஷே வேணாம்க்கா. அந்த வருஷத்து அணிவகுப்பு இன்டர்நெட்லயே ஓடுது. அம்மா திரும்பப் பாக்கட்டும்.”

அத்தையின் முகம் மாறியது. “எதுக்குடா? அதான் அன்னைக்கே பாத்துட்டோமே. இல்ல நிர்மலா?”

“ஆமாம். பார்த்தோம்” என்றேன்.

திரையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நொடி படம் ஓடும்; நிற்கும்; மீண்டும் வட்டம். அணிகள் விட்டுவிட்டு நகர்ந்தன. அருள்முருகன் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“தோ பாரும்மா. நீ சொன்ன மாதிரியே, மூணாவது வரிசை.”

அத்தை விரல் நின்ற இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, “நான்தான் சொன்னேனே” என்று சிரித்தார்.

அத்தை வீட்டுக்குப் போன பின், அருள்முருகன் கணினியை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“நான் கடைசி வரிசைக்கா. எனக்கு முன்னாடி கொடி. நான் டிவில வரவே இல்ல. ரெண்டு தரம் ஓட்டிப் பாத்துட்டேன். என் மனசு நோகக் கூடாதுன்னுதான் அம்மா அப்படிச் சொல்லும். நீங்க அன்னைக்குக் கூட ஒக்காந்திருந்தீங்களே, அது போதும். அதுக்கு நன்றிக்கா. மெர்சி.”

அவர் தெரிந்தேதான் மூன்றாண்டுகளாக ஆமோதித்து வந்திருக்கிறார். தன் முகம் மட்டும்தான் அத்தைக்குத் தெரியவில்லை என்று அவர் நினைக்கிறார். அணிவகுப்பே தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கொடிக்குப் பின்னால் இருந்தாலும் அத்தை தேடியிருப்பார். மகன் நடக்கும் அதே நிமிடத்தில், தொலைக்காட்சியின் மேலிருந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தேடியிருப்பார். அந்தத் தேடலைக்கூட நான் அவருக்கு விட்டுவைக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். “பரவாயில்லைங்க, இதில் என்ன இருக்கிறது” என்றுதான் வந்தது.